தேர் முட்டுக்கட்டை

வடம் பிடித்து இழுக்கும் தேரை அடக்குவது முட்டுக்கட்டை. சித்திரையில் தேரோடும் சோளிங்கர் உட்படத் தமிழகத்தின் தேர்வீதிகள் நன்கறிந்த கருவி இது. ஆப்பு வடிவில் செதுக்கிய கெட்டி மரம். சக்கரம் ஏற ஒரு சரிவு, கை சிக்காதிருக்க ஒரு பிடி. வெடிப்புள்ள மரம் பாரத்தில் பிளந்துவிடும். ஆகவே மரத்தைப் பார்த்து எடுப்பதே முதல் வேலை.

இருபுறச் சக்கரங்களுக்கும் ஒருசேரக் கொடுத்தால் தேர் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் அந்தப் பக்கம் பின்தங்கி, தேர் அத்திசைக்குத் திரும்பும். நிறுத்தமும் திருப்பமும் ஒரே கட்டையில் அடங்குவதுதான் இதன் அழகு. கார் இழுக்கும் டிரெய்லரில், வேகம் குறைவதை உணர்ந்து மின்காந்த பிரேக்குக்கு மின்சாரத்தை அளந்து விடுவது ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. தேரில் அந்தக் கணக்கு, சக்கரத்தோரம் குனிந்து நடப்பவரின் கண்ணில் இருக்கிறது. உயிரைப் பணயம் வைக்கும் வேலை. வடம் பிடிப்பவர்களுக்கு நிகரான மரியாதை இவர்களுக்கும் உரியது.

96 அடி உயரத் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது. கூட்டத்தின் பாதுகாப்புக்கு அது அவசியமான மாற்றம். ஆனாலும் வீதி முனைகளில் இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, முட்டுக்கட்டை கொடுத்தே அங்கும் தேரைத் திருப்புகிறார்கள்.