வலம், வலம், இடம், இடம்

இந்தக் காரின் அழகை நான் முதலில் பார்த்தது அதன் அடியில் நின்றுதான். டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் நடத்தும் கராஜ். நவம்பர் மாதம், பனிக்கால டயர் மாட்டப் போயிருந்தேன். என் பழைய சுபாரு இம்ப்ரெஸா வேகனை ஹொய்ஸ்டில் ஏற்றி ஆள் உயரத்துக்குத் தூக்கியவர், கைவிளக்கோடு அடியில் போய் நின்று என்னையும் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்ச வந்து பாருங்கோ. முன்னுக்கு எஞ்சின், அதுக்குப் பின்னால கியர்பாக்ஸ், பிறகு இந்தத் தண்டு, கடைசியில பின் டிஃபரன்ஷியல். நூல் பிடிச்ச மாதிரி நேராப் போகுது. இஞ்சாலையும் அங்காலையும் ஒரே அளவு.”

இரண்டு குளிர்காலம் அந்த வண்டியை ஓட்டியிருந்தேன். பனியில் அது நிற்காமல் போகும் என்று தெரியும். ஏன் போகிறது என்று அன்றுதான் தெரிந்தது. வண்டியின் நடுவே மூக்கிலிருந்து வால் வரை ஒரு கோடு. அந்தக் கோட்டின் இருபுறமும் சக்கரங்களுக்குப் போகும் அச்சுகள் சரிக்குச் சரி நீளம். உப்பும் சேறும் அப்பிக் கிடந்த அந்த அடிப்பாகத்தை, வாசலில் போட்ட கோலத்தைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். முன்சக்கரங்களை ஓட்ட அது வசதி. அதே விசையைப் பின்சக்கரங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்றால், அதை ஒரு பல்சக்கரப் பெட்டிக்குள் விட்டு, செங்கோணமாகத் திருப்பி, பின்னால் தள்ள வேண்டும். பிற்பாடு யோசித்து ஒட்டவைத்த அறை போன்றது அது. சுபாருவில் எஞ்சின் நெடுக்குவாட்டில் இருக்கிறது, கியர்பாக்ஸும் நெடுக்குவாட்டில். விசை ஏற்கெனவே பின்பக்கம் பார்த்துத்தான் வருகிறது. அதை இன்னும் கொஞ்சம் நீட்டினால் போதும், பின்சக்கரம் வந்துவிடும்.

நீட்டலாம் என்று தோன்றிய கதையும் நல்ல கதை. 1966இல் வந்த சுபாரு 1000தான் இந்த அமைப்பின் மூதாதை. படுக்கைவாட்டு எஞ்சினை முன்னால் வைத்து முன்சக்கரங்களை மட்டும் ஓட்டிய கார் அது. அதன் பின்னணியில் இருந்த பொறியாளர் மொமோசே ஷின்ரோக்கு, போர்க்காலத்தில் விமானம் கட்டிய நகாஜிமா நிறுவனத்திலிருந்து வந்தவர். அதைப் பின்சக்கரம் வரை நீட்டும் தேவை பனியிலிருந்து வந்தது. ஜப்பானின் வடகிழக்கே தொஹோக்கு பகுதியில் குளிர்காலத்தில் மலையெல்லாம் பனி. அங்கே மின்கம்பிகளைப் பார்த்துவரப் போகும் மின்வாரிய ஆட்கள் ஜீப்பில் நடுங்கிக்கொண்டு போனார்கள். கார்போலக் கதகதப்பாக இருக்க வேண்டும், ஜீப் போலப் பனியில் ஏறவும் வேண்டும், அப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று தொஹோக்கு மின் நிறுவனம் கேட்டது. மியாகி மாவட்டத்து சுபாரு விற்பனையாளரின் பட்டறையில்தான் வேலை தொடங்கியது. 1971 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் அந்த முன்மாதிரி வண்டியை வைத்தார்கள். 1972இல் லியோனே எஸ்டேட் வேன் நான்கு சக்கர இயக்கத்தோடு விற்பனைக்கு வந்தது. ஆடியின் புகழ்பெற்ற குவாட்ரோ வெளிவர அதன்பின் எட்டு ஆண்டுகள் ஆயின. பந்தயத்துக்காகவோ பணக்காரர்களுக்காகவோ பிறந்ததல்ல இந்த அமைப்பு. கம்பி பார்க்கப் போகிறவர்களின் விரல் விறைக்காமல் இருக்கப் பிறந்தது. இம்ப்ரெஸா வேகனில் அந்தக் குணத்தை இன்றும் உணரலாம்.

பெயரையும் சொல்ல வேண்டும். சுபாரு என்றால் ஜப்பானிய மொழியில் கார்த்திகை விண்மீன் கூட்டம். சங்கப் புலவர்கள் அறுமீன் என்றார்களே, அதே கூட்டம்தான். காரின் மூக்கில் பதித்திருக்கும் சின்னத்திலும் ஆறு மீன்கள், ஒன்று பெரிது, ஐந்து சிறிது. ஐந்து நிறுவனங்கள் ஒன்றாய்ச் சேர்ந்ததைக் காட்ட வைத்தது. எங்கள் வீட்டில் திருக்கார்த்திகைக்கு ஜன்னலோரம் அகல் வைக்கும் நாளில், வாசலில் பனி மூடி நிற்கும் வண்டியின் மூக்கைக் கையுறையால் துடைத்துவிட்டு உள்ளே வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இனி எஞ்சினுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சாதாரண எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். இதில் இரண்டு வலப்பக்கம், இரண்டு இடப்பக்கம், படுத்திருக்கும். எதிரெதிர் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே போய், ஒரே நேரத்தில் உள்ளே வரும். ஒன்றின் உதறலை மற்றொன்று வாங்கிக்கொள்வதால் எஞ்சின் அதிகம் ஆடாது. படுத்திருப்பதால் எடையும் தாழ்ந்து தரையோடு இருக்கும். மிருதங்கத்தை மடியில் கிடத்தியதுபோல என்று எனக்குத் தோன்றும். இரு புறமும் இரு முகம், நடுவில் உடல். வலந்தலை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். எஞ்சினிலும் இரு பக்கமும் இருப்பதை மெக்கானிக்குகள் ஹெட் என்றே சொல்கிறார்கள்.

ஒப்புமை அத்தோடு நிற்கவில்லை. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் தீப்பற்றும் வரிசை 1, 3, 2, 4. ஒன்றும் மூன்றும் வலப்பக்கம், இரண்டும் நான்கும் இடப்பக்கம். ஆகவே வெடிப்பு வலம், வலம், இடம், இடம் என்று விழுகிறது. ஒரே பக்கத்துப் புகைக்குழாயில் இரண்டு துடிப்பு அடுத்தடுத்து வந்து, பிறகு ஓர் இடைவெளி. மறுபக்கத்திலும் அதே. இரு குழாய்களும் வண்டியின் அடியில் சேருமிடத்தில் இந்த நடை ஒரு முணுமுணுப்பாக மாறி சைலன்சர் வழியாக வெளியே வருகிறது. டர்போ வைத்த டபிள்யூஆர்எக்ஸ் கார்களில் இருபக்கக் குழாய்களின் நீளமும் சமமில்லாததால் அந்த ஒலி உரத்துக் கேட்கும். 1995இல் காலின் மெக்ரே உலக ராலி பட்டம் வென்ற காலத்தில் காட்டுப்பாதை ஓரம் நின்றவர்கள் கார் கண்ணில் படுமுன்பே இது சுபாரு என்று சொல்லிவிடுவார்களாம். என்னுடையது டர்போ இல்லாத 2.5 லிட்டர். அதில் அந்த நடை தாழ்ந்த குரலில், குளிர்ந்த எஞ்சினை எழுப்பிய முதல் ஓரிரு நிமிடம் மட்டும் துலக்கமாகக் கேட்கும். வெளியே மைனஸ் 20 டிகிரி. சாவியைத் திருப்புவேன். முதலில் ஒரு தயக்கம், பிறகு கரகரப்பான ஒரு பேச்சு. எஞ்சின் சூடாகச் சூடாக அது ஒலி மாறி அமைதியாகும். கச்சேரிக்கு முன் கல்லால் தட்டித் தட்டி சுருதி சேர்ப்பதைக் கேட்கும் பொறுமையோடு அதைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு பிப்ரவரி விடியற்காலை. அல்கோன்குவின் பூங்காவைக் குறுக்கே கடக்கும் 60ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து விலகி, ஒரு நடைபாதை தொடங்கும் வாகன நிறுத்தத்துக்குப் போகும் ஏற்றம். இரவு பெய்ததை யாரும் தள்ளியிருக்கவில்லை, சக்கரத்தின் பாதி வரை பனி. ஏற்றத்தின் அடியில் நின்று முதல் கியர் போட்டேன். இந்தப் பழைய மேனுவல் வண்டிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்றத்தில் கிளட்ச்சை மிதித்துப் பிரேக்கை அழுத்தி நிறுத்தினால், பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் கிளட்ச்சை விடும்வரை வண்டி பின்னால் உருளாது. கணினி எதுவுமில்லை, கிளட்ச்சோடு பிணைத்த ஒரு சிறு இயந்திர ஏற்பாடுதான். கிளட்ச்சை மெல்ல விட்டேன். முன் வலப்பக்கச் சக்கரம் கண்ணிமைக்கும் நேரம் வழுக்கியது. ஸ்டீயரிங்கில் ஒரு லேசு, பிடி விட்டது தெரிந்தது. அடுத்த கணம், முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுவது போல வண்டி மேலே ஏறியது. எஞ்சின் உறுமவில்லை, எந்த விளக்கும் மின்னவில்லை.

அந்த உள்ளங்கை நடு டிஃபரன்ஷியல். மேனுவல் கியர் வண்டியில் அது விசையை முன்னும் பின்னும் பாதிப் பாதியாகப் பிரிக்கிறது. அதோடு சிலிக்கோன் திரவத்தில் மூழ்கிய தட்டுகள் கொண்ட ஒரு சிறு பெட்டி இணைந்திருக்கிறது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை அதற்கு வேலையில்லை. ஒன்று வேகமாகச் சுழன்றால் தட்டுகளுக்கு இடையே திரவம் இழுபட்டு, மெதுவான அச்சையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இந்த வேலையை மின்னணு கட்டுப்படுத்தும் கிளட்ச் தட்டுகள் செய்கின்றன. நன்றாகவே செய்கின்றன. ஆனாலும் திரவத்தின் பிசுபிசுப்பை நம்பி மலையேறுவதில் எனக்கு ஒரு தனி நிம்மதி.

இந்த அமைப்பு நான்கு டயரையும் சமமாகப் பார்க்கும். அதனால் நாமும் சமமாகப் பார்த்தாக வேண்டும். சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. ஆணி ஏறி ஒரு டயர் கெட்டால், மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருந்தால், ஒன்றை மட்டும் புதிதாக மாட்ட முடியாது. அச்சுகள் ஓயாமல் வேறு வேறு வேகத்தில் சுற்றி நடுப்பெட்டி சூடேறிக் கெடும். புதிதாக வாங்குபவர்களுக்கு இது பெரிய செலவுச் செய்தி.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பும், ஏற்றும். நிறுத்தாது. பிரேக் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. பனிக்கட்டியில் நிற்பது டயரைப் பொறுத்தது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம், நான்கு சக்கர இயக்கம் உள்ள காரானாலும். என்னிடம் யாராவது யோசனை கேட்டால் முதலில் டயரைத்தான் சொல்வேன்.

இந்த வேகன்களை வாங்கியவர்கள் யார் என்பதும் சுவையான விஷயம். அமெரிக்காவில் 1990களில் விற்பனை சரிந்திருந்தபோது, யார்தான் இதை விரும்பி வாங்குகிறார்கள் என்று சுபாரு தேடிப் பார்த்தது. ஆசிரியர்கள், மருத்துவத் துறையினர், கணினித் துறையினர், மலையும் ஆறும் சுற்றுபவர்கள் என்று வந்த பட்டியலில் தன்பால் விருப்புப் பெண்களும் இருந்தார்கள். மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனிலும் ஓரிகனின் போர்ட்லாண்டிலும் அவர்கள் இதைத் தேடி வாங்கினார்கள். பெரிய நிறுவனங்கள் அவர்களை நிமிர்ந்து பார்க்கத் தயங்கிய காலம் அது. சுபாரு அவர்களுக்காகவே விளம்பரம் செய்தது. 2000இல் டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவா அதன் விளம்பரங்களில் தோன்றினார். பகட்டு வேண்டாம், நாயும் படகும் ஏற வேண்டும், பனியில் நிற்கக் கூடாது என்று நினைத்தவர்களுக்கு இந்த வண்டி கிடைத்தது. வெர்மான்ட் மலையூர்களில் கூரையில் ஸ்கை கட்டிய பழைய வேகன்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

குறைகளை மறைக்க மாட்டேன். அந்தக் கால 2.5 லிட்டர் எஞ்சினில் ஹெட் கேஸ்கெட் கசிவு ஊரறிந்த ஒன்று. பழையது வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வியே, மாற்றியாயிற்றா, பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போட்டாரா என்பதுதான். எஞ்சின் படுத்திருப்பதால் ஸ்பார்க் பிளக்குகள் பக்கவாட்டில், உடற்சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் இடையே ஒரு கை நுழையும் சந்தில் இருக்கும். எண்ணெய் ஃபில்டர் கீழே சூடான புகைக்குழாய்க்கு அருகில். அதைக் கழற்றி முழங்கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறைய. 2011 வாக்கில் வந்த புதிய எஞ்சினில் ஃபில்டரை மேலே கொண்டுவந்தார்கள், நன்றி. ஸ்டீயரிங் தண்டின் மேல் ஒரு பட்டன் உண்டு, நிறுத்திய வண்டிக்கு ஓர விளக்கு எரிய. துணி தட்டி அது அழுந்திவிட்டால் சாவியை எடுத்தாலும் விளக்கு அணையாது, காலையில் பேட்டரி செத்திருக்கும். பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகவே குடிக்கும், எப்போதும் நான்கு சக்கரத்தையும் சுழற்றுவதற்கான விலை அது.

கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கதவைத் திறந்தால் வெறும் கண்ணாடி மட்டும் நிற்கும். உறைபனி இரவுக்குப் பிறகு அது ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுக்காமல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, விரலால் மெல்ல விலக்கித் திறக்க வேண்டும். 2007இல் இம்ப்ரெஸா உருமாறியபோது கதவுக்குச் சட்டம் வந்தது, வேகனும் போய்விட்டது. வசதிதான், ஆனால் அந்தச் சட்டமில்லாக் கதவு மூடும் மெல்லிய சத்தம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

என் வண்டியைக் கடைசியில் தின்றது ஒண்டாரியோவின் சாலை உப்பு. பின்சக்கர வளைவுகளில் முதலில் பெயின்ட் கொப்புளித்தது, பிறகு விரல் போகும் ஓட்டை. 2,90,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வாங்க வந்தவள் ஹண்ட்ஸ்வில் பக்கம் மரநாற்று நடும் வேலைக்குப் போகும் இளம்பெண். முதலில் பின்கதவைத் திறந்து, இருக்கைகளை மடித்து, உள்ளே நீட்டிப் படுத்துப் பார்த்தாள். பாதம் கதவுக்கு வெளியே கொஞ்சம் தெரிந்தது. “போதும்” என்றாள். பிறகுதான் எஞ்சினைக் கேட்டாள்.

டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது, டயர்கள், ஸ்டீயரிங் தண்டின் மேலிருக்கும் பட்டன் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். சாவியை வாங்கி, கிளட்ச்சைப் பதமாக விட்டு, தெருவில் இறக்கினாள். மார்ச் மாதக் காலை, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை. தெருமுனை திரும்பும்வரை எனக்குக் கேட்டது. வலம், வலம், இடம், இடம்.