டார்வினின் இன்னொரு நாய்

கடவுள் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பேச்சு எடுத்தால், யாராவது ஒருத்தர் டார்வினின் நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். 1871இல் வெளிவந்த ‘தி டிசன்ட் ஆஃப் மேன்’ நூலில் வரும் நாய் அது. வெக்கையான, காற்றில்லாத ஒரு நாள். நாய் புல்வெளியில் படுத்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி, விரித்து வைத்த ஒரு குடை. எப்போதாவது வரும் இளங்காற்றில் அது லேசாக அசைகிறது. அசையும்போதெல்லாம் நாய் உறுமிக் குரைக்கிறது. பக்கத்தில் ஆள் நின்றிருந்தால் அது கண்டுகொண்டிருக்காது. காரணம் தெரியாமல் ஒன்று அசைகிறது, அப்படியென்றால் யாரோ இருக்கிறார்கள் என்று அது தன்னையறியாமல் முடிவுகட்டியிருக்க வேண்டும் என்கிறார் டார்வின். இங்கிருந்து ஆவிகளுக்கு ஒரு எட்டுதான்.

மானுடவியலாளர் ஸ்டூவர்ட் கத்ரீ 1993இல் எழுதிய ‘ஃபேசஸ் இன் த க்ளவுட்ஸ்’ இந்த நாயின் வாரிசு. பாறையைக் கரடி என்று நினைத்து ஓடினால் கொஞ்சம் மூச்சு இரைக்கும், அவ்வளவுதான். கரடியைப் பாறை என்று நினைத்தால் உயிர் போகும். அதனால் எங்கும் உயிரைக் காணும்படி மூளை பழகியிருக்கிறது; மதம் அந்தப் பழக்கத்தின் ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவம் என்பது அவர் வாதம். சர்வர்களைக் கண்காணிக்கும் வேலையில் இருப்பவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். அலாரத்தின் வரம்பைத் தாழ்த்தி வைத்தால் ராத்திரி மூன்று மணிக்கு வெட்டியாக எழுப்பிவிடும். உயர்த்தி வைத்தால் எல்லாம் படுத்த பிறகுதான் தெரியும். நாங்கள் தாழ்த்தித்தான் வைப்போம். பரிணாமமும் அதையே செய்திருக்கிறது. முதல்முறை வாசித்தபோது, விஷயம் இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

முடியவில்லை. பொய் அலாரம் என்று தெரிந்ததும் நாங்கள் அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். நாயும் காற்று நின்றதும் படுத்துக்கொள்ளும். குடைக்கு அது பூ வைப்பதில்லை. நாம் ஏன் சட்டென்று திரும்பிப் பார்க்கிறோம் என்பதைக் கத்ரீ நன்றாகவே சொல்கிறார். பார்த்த பிறகு ஏன் அங்கேயே தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்துவிடுகிறோம் என்பதற்கு அவருடைய பதில் போதவில்லை.

அந்த இடைவெளியை அடைக்க எல்லோரும் அழைப்பது ஸ்கின்னரின் புறாக்களை. 1948இல் வெளியான கட்டுரை. பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தீனி வந்தது. எட்டுப் புறாக்களில் ஆறு, ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று வட்டமாகச் சுற்றியது; ஒன்று கூண்டின் மேல்மூலையை நோக்கித் தலையை நீட்டி நீட்டி இழுத்தது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே அவை திரும்பத் திரும்பச் செய்தன என்று விளக்கி, ஸ்கின்னர் அதற்கு மூடநம்பிக்கை என்று பெயர் வைத்தார். 1971இல் ஸ்டாடனும் சிம்மல்ஹாகும் மறுபடி செய்து பார்த்தார்கள். தீனி வரும் தறுவாயில் புறாக்கள் பெரும்பாலும் கொத்தத்தான் செய்தன. சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் எந்தப் புறாவும் செய்வது அது.

இந்த மறுப்பை நான் படித்தது ரொம்பப் பின்னால். அதற்கு முன்பே அந்தப் புறாக்களை அம்மாமேல் ஏவிவிட்டிருந்தேன். அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து வைத்திருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அப்பா போய்விட்டார். வருஷம் திரும்பியதும் அம்மா அந்தக் காசை எடுத்துக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பினாள்.

“கேட்டதுதான் கெடைக்கலையே, அப்புறம் எதுக்கும்மா?”

“கெடைக்கலன்னா? முடிஞ்சு வச்சது நான்தானே.”

தீனியை நிறுத்திய பிறகும் ஒரு புறா பத்தாயிரம் தடவைக்கு மேல் அதே அசைவைச் செய்ததாக ஸ்கின்னரே எழுதியிருக்கிறார். அதைச் சொல்லி அம்மாவையும் விளக்கிவிடலாம்தான். ஆனால் அந்தப் புறா இன்னும் தீனியை எதிர்பார்த்தது. அம்மாவுக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கப் போனாள்.

டார்வினை மறுபடி எடுத்தேன். குடைக்குக் குரைத்த நாய்க்குச் சற்றுத் தள்ளியே இன்னொரு நாய் இருக்கிறது. பக்தி என்பது அன்பு, முழுச் சரணாகதி, பயம், நன்றி எல்லாம் கலந்த சிக்கலான உணர்வு என்று சொல்லிவிட்டு, அதற்குத் தொலைதூரத்தில் நெருங்கி வருவதாக அவர் காட்டுவது, எஜமானிடம் நாய்க்கு இருக்கும் ஆழமான அன்பை. பிரிந்திருந்துவிட்டுத் திரும்பும்போது அது படும் பாட்டை. முதல் நாயை எல்லோரும் தூக்கிக்கொண்டார்கள். அலாரம், வரம்பு, லாபநஷ்டம் என்று அதற்குக் கணக்குப் போட முடிகிறது. எனக்கும் அதனால்தான் பிடித்திருந்தது. இரண்டாவது நாய் அங்கேயே நிற்கிறது.

இதனால் உண்டியலுக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார் என்று ஆகிவிடாது. எனக்கு இன்னும் நம்பிக்கை கிடையாது. அம்மாவின் பக்திக்கு விலங்கு வேர் இல்லை என்றும் சொல்ல வரவில்லை. இருக்கும் என்றே நினைக்கிறேன். அன்றைக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் காட்டிய விலங்குதான் தப்பு.