வரிசையில் நிற்கும் குடம்

சென்னைத் தெருவில் எனக்கு மிகவும் பிடித்த பொருள், ஆளுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடம். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய் நிம்மதியாக சீரியல் பார்க்கலாம். இடம் பறிபோகாது. (சீரியலில் கதை நகராது, வெளியே வரிசையும் நகராது.)

அதன் வடிவத்தைப் பாருங்கள். பித்தளைக் குடத்தின் அதே குறுகிய கழுத்து, அதே பருத்த வயிறு. கழுத்தைக் கை வளைத்துக்கொள்ள, வயிறு இடுப்பில் வாகாக உட்காரும். நடந்தாலும் அவ்வளவாகத் தளும்பாது. கனம் மட்டும் போய்விட்டது. பச்சை, ஆரஞ்சு, ரோஸ் என்று கண்ணைப் பறிக்கும் பகட்டு. அடையாளத்துக்குக் கழுத்தில் பெயின்டால் ஓர் எழுத்து. ஓட்டை விழுந்தால் சூடுகாட்டிய கத்தியால் பிளாஸ்டிக்கை உருக்கி அடைத்துவிடுவார்கள்.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. டிவியில் நாள் முழுக்க அந்த ரயில்தான். எங்கள் தெருவில் குடங்கள் முனைவரை நின்றன.

அவற்றில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, கழுத்தில் 'ரா' என்ற எழுத்தோடு. எங்கள் வீட்டில் யார் பெயரும் 'ரா'வில் தொடங்காது.