சிவஞானபோதம்: நாற்பது அடிகளும் பிரிந்து நிற்கும் வாசகர்களும்

சிவஞானபோதம் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் திருவெண்ணெய்நல்லூரில் அருளிய நூல். மெய்கண்ட சாத்திரங்கள் 14இல் தலைமையானது. சூத்திரங்கள் 12, அடிகள் 40; ஓதி முடிக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் இதற்குச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் பல நூறு பக்கம் நீள்கிறது. படித்தவர்கள் இந்நூலைப் பற்றிச் சொல்லும் கருத்துகளும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. தமிழ்ச் சிந்தனையின் உச்சம் என்பார் ஒருவர். உரையாசிரியர் துணையில்லாமல் ஓரடியும் நகர முடியாத இருட்டு என்பார் இன்னொருவர். மடத்துக்கும் மேல்சாதிக்கும் அரண் அமைத்த நூல் என்பார் மூன்றாமவர். மலேசியாவின் பினாங்கைப் போன்று கடல்கடந்து தமிழர் வாழும் ஊர்களிலும் இந்தப் பிளவு தொடர்கிறது.

நூலின் கடினத்துக்கு முதற்காரணம் சொற்சுருக்கம். மெய்கண்டார் சூத்திரங்களோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றையும் அதிகரணங்களாகப் பகுத்து, மேற்கோளும் (நிறுவ வேண்டிய கருத்து) ஏதுவும் (அதற்கான காரணம்) காட்டி வார்த்திகம் என்ற உரை எழுதினார். எடுத்துக்காட்டு வெண்பாக்கள் 81ஐயும் சேர்த்தார். அப்படியும் எதிரில் நின்று வாதிடுபவன் யார் என்பதை அவர் பெரும்பாலும் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. உலகாயதனுக்கு ஒரு மறுப்பு, பௌத்தனுக்கு ஒன்று, மாயாவாதிக்கு ஒன்று என அடிக்கு அடி மறுமொழி வந்துகொண்டே இருக்கும். கேள்வி காதில் விழாதவருக்கு விடை மட்டும் கையில் கிடைத்தால் அது புதிராகத்தான் தெரியும். மலம், மாயை, கன்மம், தத்துவம் 36 என்ற கலைச்சொற்களின் சுமை இதற்கு மேல்.

மூன்றாம் சூத்திரம் இதற்கு நல்ல சான்று. உயிர் என ஒன்று உண்டு என்பதை நான்கே அடிகளில் நிறுவுகிறார் மெய்கண்டார். உடல் இல்லை, பொறி இல்லை, மூச்சு இல்லை என ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாலும், இல்லை என்று சொல்லும் ஓர் அறிவு எஞ்சி நிற்கிறது. அதை எப்படித் தள்ளுவது? என் வீடு என்பவன் வீட்டுக்கு வேறானவன் என்றால், என் உடல் என்பவனும் உடலுக்கு வேறானவனாக வேண்டும். கண் அறிவதைக் காது அறியாது. ஆனால் கண்டவனும் நானே கேட்டவனும் நானே என்று ஐந்தையும் ஒருசேர அறிபவன் ஒருவன் இருக்கிறான். ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது. ஆயினும் உண்பதும் செயல் செய்வதும் நின்றுவிடுவதால், மூச்சே உயிராகிவிடாது. அந்த உயிரும் தானே எல்லாம் அறிவதில்லை, அறிவித்தால்தான் அறிகிறது. ஆகையால் அது இறைவனும் இல்லை. ஐயப்படுபவன் இருப்பதை ஐயப்பட முடியாது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் தெகார்த் எழுதியது 17ஆம் நூற்றாண்டில். மெய்கண்டார் அதே வாசலில் நுழைந்தாலும், அறிவித்தால் அறிவது உயிரின் இயல்பு என்ற வேறொரு முடிவுக்குப் போகிறார். இவ்வளவு தெளிந்த வாதத்தை இருட்டு என்பது நியாயமில்லை. விளக்கில்லாமல் நுழைந்தவருக்கு அது இருட்டாகத் தெரிந்ததும் உண்மை.

அந்த விளக்கைக் கையில் வைத்திருந்தவை சைவ மடங்கள். ஆசிரியர் முன் அமர்ந்து அடி அடியாகப் பாடம் கேட்பது அங்கே வழக்கம். இந்தப் படிப்பின் வலிமை பெரிது. பதவுரையோடு தடையும் விடையும் சேர்ந்து வரும். மாணவன் தன் மனம்போனபடி பொருள் கொள்ள இடமில்லை. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் வடமொழித் தருக்கமும் தமிழ் இலக்கணமும் ஒருங்கே கற்றவர். அவரிடம் சூத்திரத்தின் ஓர் உருபுகூடக் காரணமின்றி நிற்பதில்லை. குறையும் அங்கேதான் பிறக்கிறது. மாபாடியம் படிக்க வேண்டுமானால் முனிவரின் கல்வியில் பாதியாவது வேண்டும். நாளடைவில் உரையே நூலாகிவிட்டது. மெய்கண்டார் என்ன சொன்னார் என்பதைவிட, முனிவர் அதை எப்படி முடித்தார் என்பதே பாடமாயிற்று. உரையாசிரியர்களும் ஒருமுகமாக நின்றதில்லை. யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் முத்தியில் உயிர் சிவத்தோடு சமமாகும் என்ற சிவசமவாதக் கொள்கையோடு, மெய்கண்டாரின் நூலுக்கு வழிநூலான சித்தியாருக்கு உரை எழுத, சிவஞான முனிவர் அதைக் கடுமையாக மறுத்தார். சைவர்களுக்குள்ளேயே தலையாய கேள்வியில் பிளவு இருந்தபோது, ஓர் உரையை மட்டும் முடிந்த முடிபாகக் கொள்வது நூலுக்கு இழப்பு.

நூல் ரௌரவ ஆகமத்தின் மொழிபெயர்ப்பா, தமிழிலேயே பிறந்த முதல்நூலா என்ற சண்டை 20ஆம் நூற்றாண்டில் எத்தனையோ ஏடுகளை நிரப்பியது. அதனால் ஒரு சூத்திரத்தின் பொருளும் கூடுதலாக விளங்கிவிடவில்லை என்பதால் அதை இங்கே கடந்து செல்லலாம். அதைவிடப் பயன் தந்தவை மொழிபெயர்ப்புகள். அமெரிக்க மிஷனரி ஹொய்சிங்டன் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலும், ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை 1895இலும், கார்டன் மத்தியூஸ் 1948இலும் ஆங்கிலத்தில் தந்தனர். சமயம் பரப்ப வந்த ஹொய்சிங்டன் எதிரியின் கோட்டையை அளக்கும் கண்ணோடு படித்தார். நல்லசாமிப் பிள்ளை தம் சமயத்தை உலகறியச் செய்யும் ஆர்வத்தோடு படித்தார். இருவரும் நூலை வாதமாக மதித்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மார்க்சிய வாசிப்பு வேறு திசையில் போனது. க. கைலாசபதி ‘பேரரசும் பெருந்தத்துவமும்’ என்ற கட்டுரையில் சோழப் பேரரசின் அமைப்புக்கும் சைவ சித்தாந்தத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். இவ்வாசிப்புக்கு நூலிலேயே பிடிமானம் உண்டு. நான்காம் சூத்திரத்தில் உயிருக்கும் மனம் முதலிய அந்தக்கரணங்களுக்கும் உள்ள உறவை விளக்க அரசனும் அமைச்சரும் வருகிறார்கள். எட்டாம் சூத்திரத்தில் புலன்களிடையே தன்னை மறந்த உயிர், வேடரிடம் வளர்ந்த அரசகுமாரனாகிறது. அரசவை அறிந்த உலகிலிருந்துதான் இந்த உவமைகள் வர முடியும். ஆனால் உவமை எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் வாதம் விழுந்துவிடாது. மூன்றாம் சூத்திரத்தில் அரசனும் இல்லை, அமைச்சனும் இல்லை. அங்குள்ள ஏதுக்களுக்கு வரலாற்று விளக்கம் பதிலாகாது.

பினாங்கில் சைவம் நூல்வழி வேரூன்றியதில்லை. குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில், தண்ணீர்மலை முருகன், நகரத்தார் கொண்டுவந்த தைப்பூச வெள்ளித்தேர், வீடுகளில் பாடும் தேவாரம் ஆகியவற்றின் வழியே அது வளர்ந்தது. தோத்திரம் இசையோடு நெஞ்சில் ஒட்டும். சாத்திரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கியதற்குப் பின், மலாயாத் தமிழரிடையே பகுத்தறிவுக் கேள்விகள் வலுத்தன. சாதியையும் சடங்கையும் பற்றிய அந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனால் சாத்திரம் என்ற பெயர் கேட்டதுமே ஒதுக்கியவர்கள், உடலுக்கு அப்பால் ஏது உயிர் என்ற தங்கள் சொந்தக் கேள்வியைத்தான் மெய்கண்டாரும் மூன்றாம் சூத்திரத்தில் எடுத்துக்கொள்கிறார் என்பதைக் காணத் தவறினார்கள். எதிர்வாதிக்கு அவர் நூலில் நிறையவே இடம் உண்டு.

பினாங்கிலிருந்து வந்த முக்கியமான வாசிப்பு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய முனைவர் கி. லோகநாதனுடையது. சிவஞானபோதத்தை அவர் மடத்து நூலாகவோ ஒரு சமயத்தாரின் உடைமையாகவோ பார்க்கவில்லை. மனிதனின் அறிவும் இருப்பும் எப்படி இயங்குகின்றன என்று ஆராயும் பொது மெய்யியலாகப் படித்து, ஹைடெகர், காடமர் முதலிய ஐரோப்பியப் பொருள்கோளியலாரின் பக்கத்தில் வைத்து ஆங்கிலத்தில் எழுதினார். இதன் பலன் பெரியது. மலம் என்பதை வெறும் அழுக்காகவோ பாவமாகவோ எண்ணிய வாசகர், அறிவை மறைக்கும் இயல்பாக அதைக் காணத் தொடங்கினார். மேற்கோள், ஏது என்ற ஒழுங்கு ஓர் ஆய்வுமுறையாகத் துலங்கியது. தமிழ் அறியாதவரும் நூலோடு பேச வழி பிறந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பழைய கலைச்சொல்லை எளிதாக்க வந்த இவ்வாசிப்பு, ஹைடெகரின் கலைச்சொல்லைப் புதிய சுமையாக ஏற்றிவிட்டது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தேவாரம் மட்டும் தெரிந்த ஒருவருக்கு அது மாபாடியத்தைவிட எட்டாத உயரம். சுமேரிய மொழியைப் பழந்தமிழாகக் கண்டு, அந்த வெளிச்சத்தில் சைவத்தின் வேரைத் தேடியதும் நூலுக்கு உதவவில்லை. மொழியியலாளர் சுமேரியத்தை எந்தக் குடும்பத்திலும் சேராத தனிமொழியாகவே கொள்கின்றனர். மெய்கண்டாரின் வாதத்துக்கு நாலாயிரம் ஆண்டுப் பழமை தேவையும் இல்லை. அது தன் காலில் நிற்கிறது.

வாசகர்கள் கடைசியாகப் பிரியும் இடம் 12ஆம் சூத்திரம். அளவையும் ஏதுவுமாகப் போய்க்கொண்டிருந்த நூல், மலம் நீங்கியவர் அடியாரோடு கூடி, அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே தொழுவார் என்று முடிகிறது. தருக்கத்துக்காக வந்தவருக்கு இது ஏமாற்றம். இத்தனை தூரம் வந்தது கோயில் வாசலுக்குத்தானா என்பார். தண்ணீர்மலையில் காவடி சுமப்பவருக்கோ முழு நூலிலும் உடனே புரியும் இடம் இதுதான். மெய்கண்டாரின் பக்கம் நின்று பார்த்தால் முடிவு தடுமாற்றமாகத் தெரியவில்லை. உயிர் அறிவித்தால் அறியும் என்று மூன்றாம் சூத்திரத்தில் சொன்னவர், அறிவு உடலோடும் ஊரோடும் பிறரோடும் கூடித்தான் நிலைக்கும் என்பதைக் கடைசியில் சொல்கிறார். ஆனால் திருவேடத்தைத் தொழச் சொல்லும் நூல், பொய்வேடத்தைக் கண்டுகொள்ளும் வழியைச் சொல்லாமல் விட்டது மெய்யான குறை. மடங்களின் வரலாறு அதைப் பல இடங்களில் காட்டியிருக்கிறது.

உரையை ஒதுக்கிவிட்டுச் சூத்திரத்தோடு மல்லுக்கட்டுவதும், சூத்திரத்தை மறந்து உரைக்குள் தங்கிவிடுவதும் இந்நூலுக்குச் செய்யும் அநீதிகள். புதிதாகத் தொடங்குபவர் முதல் சூத்திரத்தை விட்டு மூன்றாவதிலிருந்து தொடங்கலாம்; அங்கே பொருளாகும் அனுபவம் எல்லோரிடமும் இருப்பது. மெய்கண்டாரே எழுதிய ஏதுக்களையும் வெண்பாக்களையும் முதலில் படித்து, பிறகு சிவஞான முனிவரின் சிற்றுரையையும் அருணந்தி சிவாசாரியாரின் சித்தியாரையும் துணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மாபாடியம் அதற்குப் பிறகு வரட்டும்.