பெரட்டுக்களத்துத் தமிழும் கடைவீதித் தமிழும்

ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஓர் இளைஞன் கப்பலேறிக் கொழும்புக்கு வருகிறான். ரயிலில் ஹட்டன் வரை வந்து, அங்கிருந்து ஒரு தோட்டத்துக்குச் சின்னத்துரையாக, அதாவது உதவித் தோட்ட அதிகாரியாக, போய்ச் சேர்கிறான். விடியுமுன் தப்பு அடித்துத் திரட்டிய நூற்றுக்கணக்கானோர் முன்னால் அவன், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அவர்கள் பேசுவது தமிழ். அன்றைக்கே நாவுக்கு வரக்கூடிய நாலு வாக்கியங்கள் அவனுக்கு வேண்டும். இலக்கணம் படிக்க நேரமில்லை. இந்த அவசரத்திலிருந்துதான் மலையகத்தின் முதல் மொழிக் கையேடுகள் பிறந்தன. 19ஆம் நூற்றாண்டில் கொழும்பின் ஃபெர்குசன் குடும்பம் வெளியிட்ட, சின்னத்துரைமாரின் சட்டைப்பைக்கு ஏற்ற சிறு நூலுக்கு ‘இங்கே வா’ என்றே பெயர். 1915 இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய ‘கூலித் தமிழ்’ வந்தது. தேயிலை, ரப்பர் தோட்டத் தொழிலாளர் புரிந்துகொள்ளும் தமிழ் என்று அந்த நூலே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது.

இந்த நூல்களை அவமானச் சின்னங்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ‘கூலித் தமிழ்’ என்ற பெயரே நம் பாட்டன் பூட்டன் பேசிய மொழியின் நெற்றியில் குத்திய முத்திரை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஊரில் இருந்துகொண்டு, தமிழ் தெரியாத உத்தியோகத்தர்கள் இன்றும் தமிழ் கற்கப் படும் பாட்டைப் பார்க்கிறவனுக்கு அந்தக் கையேடுகளை இன்னொரு தடவை நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது. அவற்றில் சரியாகச் செய்யப்பட்ட ஒரு காரியம் உண்டு. அதை நாம் பின்னால் தொலைத்துவிட்டோம்.

அந்தக் காரியம், பாடத்தைப் பேச்சிலிருந்து தொடங்கியதுதான். ஐரோப்பியருக்கான தமிழ் நூல்களில் இது முற்றிலும் புதிதல்ல. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே கொடுந்தமிழுக்குத் தனி இலக்கணம் எழுதினார், ஜி. யு. போப் வழக்குத் தமிழுக்கென்றே கையேடு செய்தார். ஆனால் அவர்கள் ‘வழக்கு’ என்றது பெரும்பாலும் படித்தவர் வழக்கு. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் பேச்சு மலையில் ஒன்றோடொன்று கலந்து உருவான தமிழை எந்தப் பண்டிதரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. தோட்டத்துக் கையேடு கேட்டது. கொழுந்து, கவ்வாத்து, முள்ளுக்குத்து, கொந்தரப்பு, அரைப்பேர் என்று வேலை எதுவோ அதன் சொல்லையே கற்பித்தது. கற்கிறவன் மறுநாள் காலையில் பயன்படுத்தப்போகும் சொல்லை இன்று மாலையில் தருவது எந்த மொழிப் பாடத்துக்கும் நல்ல விதிதான். மலையகப் பேச்சின் பழைய வடிவத்துக்கு எழுத்துச் சாட்சி தேடும் ஆய்வாளர் இன்று அந்தத் துரைமார் நூல்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது என்பது வேதனை; உண்மையும் அதுதான்.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். துரைக்குத் தமிழ் தெரியாத தோட்டத்தில் கங்காணியின் வாயே சட்டம். சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கப்பட்டது, யார் நோயில் கிடக்கிறார், யார் வேலைக்கு வர மறுத்தார் என்பதெல்லாம் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ சொன்னபடிதான் பங்களாவுக்குப் போய்ச் சேரும். நாலு வார்த்தை தெரிந்த துரையிடம் ஒரு பெண் நேராகப் போய் நின்று பேசுவதற்காவது வழி இருந்தது.

ஆனால் அவள் பேசியபோது அவனுக்கு என்ன விளங்கியது? இங்கேதான் கையேட்டின் பெரிய குறை தெரிகிறது. அது பேசக் கற்றுக்கொடுத்தது, கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. துரை என்ன சொல்ல வேண்டும் என்பதற்கே அதில் இடம். தொழிலாளி என்ன சொல்லக்கூடும் என்பது பக்கங்களுக்கு வெளியே நின்றது.

இந்தக் குறையைத் தமிழின் அமைப்பே மறைத்துக் கொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ் வினையின் மிகச் சுருங்கிய வடிவம் ஏவல் ஒருமை. வா, போ, நில், வெட்டு, எடு. பகுதியை அப்படியே சொன்னால் போதும். காலங்காட்டும் இடைநிலையும் வேண்டாம், விகுதியும் வேண்டாம். புதிதாகக் கற்கிற ஆங்கிலேயனுக்கு இதைவிட இலகுவான வடிவம் கிடையாது. அவனுடைய மொழியில் குழந்தையை அழைப்பதும் கிழவியை அழைப்பதும் ஒரே சொல்லால்தான். ஆகவே ‘வா’ என்பதற்கும் ‘வாங்க’ என்பதற்கும் இடையில் என்ன கிடக்கிறது என்று அவன் தானாக உணர வழியில்லை; யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சோம்பல் மாணவனுக்கு எளிதான வடிவமும், எஜமானுக்கு வசதியான வடிவமும், கேட்பவருக்கு மிகவும் சுடும் வடிவமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. தெலுங்கிலும் இதே கதைதான்: ‘ரா’ என்பது கற்க எளிது, ‘ரண்டி’ என்று ஒரு விகுதியைக் கூட்டினால்தான் மரியாதை. மரியாதையை இரண்டாம் பாடத்துக்குத் தள்ளிவைக்கும் எந்தப் புத்தகமும் இந்த மொழிகளில் முதல் பாடத்திலேயே அவமரியாதையைக் கற்பித்துவிடுகிறது. பேரப்பிள்ளை கண்ட கிழவர் ‘சரிங்க தொரை’ என்று தலையசைப்பதும், மீசை முளைக்காத துரை அவரைப் ‘போ’ என்பதும் பல தலைமுறைகளாக மலையில் வழக்கமாகக் கேட்ட உரையாடல்.

தெலுங்கைச் சும்மா இழுக்கவில்லை. ஆங்கிலேயர் ஒருவர் அன்றாடத் தெலுங்கைக் கற்கப் போனதன் விளைவு எப்படியெல்லாம் திரும்பியது என்பது நம் கதைக்கு நேர் எதிரான சாட்சி. சென்னையில் 1812 இல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கிழக்கிந்தியக் கம்பனியின் இளம் உத்தியோகத்தருக்கு நாட்டு மொழிகளைக் கற்பித்தது. 1817 இல் வந்த சார்ல்ஸ் பிலிப் பிரவுன் அப்படித்தான் தெலுங்கைத் தொட்டார். 1820 இல் கடப்பைக்குப் போன பிறகு தெலுங்குக் கவிஞர் வேமனாவின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பண்டிதர்களைத் தன் பங்களாவில் இருத்திச் சுவடிகளை ஒப்பிட்டார். அவருடைய தெலுங்கு–ஆங்கில அகராதி 1852 இல் வந்தது. அதைவிட என்னைக் கவர்வது 1854 இல் அவர் வெளியிட்ட இன்னொரு அகராதி. தெலுங்குப் பேச்சில் புகுந்து புழங்கும் பிறமொழிச் சொற்களுக்கும் கலப்பு வழக்குகளுக்கும் உரிய அகராதி அது. பண்டிதர்கள் கொச்சை என்று விலக்கியிருக்கக்கூடியதை அவர் சேர்த்துவைத்தார். பிரவுனும் ஆள வந்தவர்தான், அன்பு ஒன்றினாலேயே அதைச் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவருடைய உத்தியோகம் நீதிமன்றத்தோடு சேர்ந்தது. வாதியும் சாட்சியும் சொல்வது விளங்காவிட்டால் தீர்ப்பு எழுத முடியாது. வேலையே அவரைக் கேட்க வைத்தது.

அடுத்த சம்பவம் இன்னும் கூர்மையானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஏ. யேட்ஸ் என்ற ஆங்கிலேயர் ஆந்திரப் பகுதியில் பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்தார். பாடநூலில் இருக்கும் தெலுங்கு ஏன் சனங்கள் பேசும் தெலுங்காக இல்லை என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்வி பி. டி. ஸ்ரீனிவாச ஐயங்கார், குரஜாட அப்பாராவ், கிடுகு ராமமூர்த்தி ஆகியோரோடு சேர்ந்து ஓர் இயக்கமாக வளர்ந்தது. நடைமுறைத் தெலுங்கையே எழுத்து மொழியாக்க வேண்டும் என்று கிடுகு வாழ்நாள் முழுக்க வாதாடினார். அவர் பிறந்த ஆகஸ்ட் 29 ஐத்தான் தெலுங்கு மொழி நாளாக அங்கே கொண்டாடுகிறார்கள். அன்றாடப் பேச்சைக் கற்கப் புகுந்த ஓர் அந்நியரின் குழப்பம், ஒரு மொழி தன்னையே திரும்பிப் பார்க்கக் காரணமாயிற்று. நம் மலையிலும் அந்நியர் அன்றாடப் பேச்சைத்தான் கற்றார்கள். ஆனால் அது பெரட்டுக்களத்தைத் தாண்டவில்லை.

கற்றவர்கள் துரைமார் மட்டுமில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரட்டு, ஸ்டோர், செக்றோல், டிவிசன், சுப்பிரண்டன் என்று லயத்து, அதாவது தோட்டக் குடியிருப்பு, மக்கள் ஆங்கிலத்தைக் காதால் வாங்கித் தங்கள் நாவுக்கு வளைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு யாரும் கையேடு அச்சிட்டுக் கொடுக்கவில்லை. துரை கோபத்தில் சொன்னதா, வழக்கமாகச் சொன்னதா என்று குரலிலிருந்தே பிரித்தறியும் காது அவர்களுக்கு இருந்தது. இல்லாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். தோட்டத்தில் நடந்த பெரிய மொழிக் கல்வி லயத்துப் பக்கம்தான் நடந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

பஜாருக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டும் மின்நிலையமும் உள்ள ஊர். 1965 இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையம் இங்கேதான் இருக்கிறது. மின்சாரசபை ஆட்கள், சிங்களக் கிராமத்தவர், சுற்றிலும் உள்ள தோட்டத்து மக்கள் எல்லோரும் ஒரே கடைத்தெருவில்தான் சாமான் வாங்குகிறார்கள். இந்தப் பக்கத்து பஜார்களில் சிங்களக் கடைக்காரர் பேசும் தமிழைக் கவனித்திருக்கிறீர்களா? ‘வாங்கக்கா, என்னா வேணும்?’ என்று தொடங்கி, கடன் கொப்பி வரை மலையகத் தமிழ் அச்சு அசலாக வரும். புத்தகம் பார்த்துப் படித்தவர்கள் இல்லை. அந்தத் தமிழில் மரியாதை முதல் சொல்லிலேயே ஒட்டியிருக்கக் காரணம் மிகச் சாதாரணமானது: வாங்க வந்தவருக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கடை இருக்கிறது. வந்தவர் கேட்பது அரைக்கிலோவா அரை இறாத்தலா என்று விளங்காவிட்டால் வியாபாரமே இல்லை. பெரட்டுக்களத்தில் நின்றவருக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. யாரிடம் கற்கிறோமோ அவருக்கு நம்மை விட்டு விலகிப்போகும் சுதந்திரம் இருக்கிறதா என்பதே கற்கும் மொழியின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

இனி இன்றைய நிலைமை. 1987 இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேருவோர் குறித்த காலத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. இதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். இதற்கான மொழிப் பாடங்களில் ‘நீங்கள்’, ‘உங்களுக்கு’, ‘தயவுசெய்து’ என்று மரியாதை தாராளமாக இருக்கிறது. பழைய கையேட்டின் கொடுமை ஒழிந்தது. ஆனால் அதோடு அதன் காதும் போய்விட்டது. கற்பிக்கப்படும் தமிழ் பெரும்பாலும் எழுத்துத் தமிழ். லயத்து வாசலில் அதை யாரும் பேசுவதில்லை.

ஒரு கிளினிக்கில் கண்டதைச் சொல்கிறேன். இளம் சிங்கள வைத்தியர், நல்ல மனிதர். ‘அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம்?’ என்று பிசகில்லாமல் கேட்டார். கொழுந்துக்கூடை சுமந்து தோள் கூனிய அந்த அம்மா, ‘நெஞ்சுக்குள்ள கபகபன்னு எரியுதுங்கய்யா, ராவுல ஒருக்களிச்சுப் படுக்க முடியல’ என்றார். வைத்தியரின் பார்வை உதவியாளர் பக்கம் போயிற்று. அவர் சுருக்கமாக, ‘பபுவ ரிதெனவா’ என்றார். நெஞ்சு எரிச்சல் நெஞ்சு வலியாகிவிட்டது. இரண்டுக்கும் பார்க்க வேண்டிய பரிசோதனை வேறு, கொடுக்க வேண்டிய மருந்து வேறு. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் கங்காணி நின்ற அதே இடத்தில், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், இங்கும் ஒருவர் நின்றார். வைத்தியரின் கேள்வியில் ஒரு குறையும் இல்லை. வரக்கூடிய பதில்களை அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

ஆகவே பழைய கையேட்டிலிருந்து எடுக்க வேண்டியது அதன் ஊற்று: இந்த மலையில், இந்த வேலையில், இந்த மக்கள் பேசும் பேச்சு. விட வேண்டியது அதன் கட்டளைத் தொனி. பாடத்தில் பாதிக்குமேல் பதில்களாக இருக்க வேண்டும்: எரியுது, குடையுது, உளையுது, பொருமுது, கிறுகிறுங்குது, சம்பளத்தில் பிடித்ததைப் பற்றிய முறைப்பாடு, பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்த கதை, கூரை ஒழுகும் கதை. இதற்கான கருவூலம் இல்லாமலும் இல்லை. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்துத் தந்திருக்கிறார். இந்தப் பேச்சின் நெளிவும் வலியும் அதில் கேட்கும். அப்படி ஒரு தொகுப்பை மொழிப் பயிற்சி வகுப்பில் வைப்பதற்கு என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

வாய்மொழிப் பரீட்சையையும் மாற்றலாம். பரீட்சகர் கேட்க உத்தியோகத்தர் மனனம் செய்த பதிலைச் சொல்வதற்குப் பதிலாக, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கொழுந்தெடுக்கும் பெண் உட்காரட்டும். அவர் தன் பிரச்சினையைத் தன் வேகத்தில், தன் பேச்சில் சொல்லட்டும். உத்தியோகத்தர் கேட்டு, விளங்கியதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும். எழுதியதை அந்தப் பெண்ணுக்கே திரும்ப வாசித்துக் காட்டி, ‘நா சொன்னது இதுதான்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு பரீட்சகர் புள்ளி போடட்டும். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு முழுப்பேரும் அதற்குமேல் ஆசிரியருக்குரிய கொடுப்பனவும் சேரவேண்டும்.