‘சீனன் கடை’யின் பின்கட்டு: நம் கதைகளில் சீனர் எங்கே நிற்கிறார்?



முதலில் ஒரு சின்ன வேலை. தோட்டப்புறத்தைக் களமாகக் கொண்ட சிறுகதைகள் ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொகுப்பானாலும் சரி. அவற்றில் சீனர் ஒருவர் வரும் இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள். பிறகு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அவர் எங்கே நிற்கிறார்? கதை சொல்பவர் அவரை ‘அவன்’ என்கிறாரா, ‘அவர்’ என்கிறாரா?

நான் செய்து பார்த்தபோது பெரும்பாலும் ஒரே விடைதான் வந்தது. கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறார், ‘அவன்’. அதே கதையில் கிராணி வந்தால் ‘அவர்’ ஆகிவிடுகிறது. கடைக்காரருக்கு வயது அறுபதாக இருக்கும், கிராணிக்கு முப்பதுகூட இருக்காது. இருந்தும் மரியாதை விகுதி கிராணிக்குத்தான்.

‘சீனன்’ என்ற சொல்லில் இலக்கணப் பிழை இல்லை. ‘அன்’ ஆண்பால் ஒருமை விகுதி. பேச்சில் “சீனன் கடைக்குப் போய்ட்டு வந்துர்றேன்” என்று சொல்லும்போது யாரும் யாரையும் திட்டுவதில்லை. நேரில் பார்த்தால் “தவுக்கே” என்றுதான் கூப்பிடுகிறோம். ஆகவே கதையில் ஒரு பாத்திரம் ‘சீனன்’ என்று சொன்னால் அது அந்தப் பாத்திரத்தின் வாய், விட்டுவிடலாம். கதை சொல்லும் குரலே அப்படிச் சொன்னால்தான் கணக்கு மாறுகிறது. கதைமாந்தர் கூற்று எது, ஆசிரியர் கூற்று எது என்று பிரித்துக் காட்டத் தெரிந்த மாணவர், இலக்கியத் திறனாய்வு வினாவில் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் இருப்பார். பாத்திரப்படைப்பு என்றாலே ‘நல்லவர், அன்பானவர், சிக்கனமானவர்’ என்று பட்டியல் போட்டுப் பழகிவிட்டோம். அந்தப் பட்டியலுக்கு முன்னால் பார்க்க வேண்டியது விகுதி.

கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் அந்தப் படம் பொய்யும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்குச் சுற்றிலும் தமிழ்தான். கோயில், பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே. சீனரைப் பார்க்க வேண்டுமானால் புக்கிட் ரோத்தானுக்கோ ஈஜோக்குக்கோ பத்தாங் பெர்ஜுந்தைக்கோ (இன்றைய பெஸ்தாரி ஜெயா) போக வேண்டும். அங்கே அவர் கடைக்காரர். சம்பளம் வரும்வரை அரிசியும் புளியும் தகரப்பாலும் கடனுக்குத் தருபவர். சட்டைப்பையில் அடங்கும் ‘555’ குறிப்புப் புத்தகத்தில் நம் பற்றை எழுதிவைப்பவர். சம்சு விற்றவரும் சில இடங்களில் அவரே. இப்படி மாதம் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் பார்த்த ஒருவரை எழுத்தாளர் வேறு எப்படி எழுதியிருக்க முடியும்?

ஆனால் கல்லாவுக்கு அந்தப் பக்கமும் ஒரு வாழ்க்கை நடந்தது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறக்குறைய 5 லட்சம் பேர் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். தோட்டத்து லயங்களுக்கும் வேலி வந்தது என்பதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காட்டுக்குள் உணவு போகக்கூடாது என்பதற்காக, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தகரப்பாலைக்கூட ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். அந்த ஓட்டையைப் போட்டவர் நம் கதைகளில் வரும் அதே தவுக்கேதான். காட்டிலிருந்து வருபவனுக்குக் கொடுத்தால் அரசாங்கம் பிடிக்கும், கொடுக்காவிட்டால் காட்டுக்காரன் விடமாட்டான். அவர் பயத்தைப் பற்றி ஒரு வரியாவது நம் கதைகளில் தேடிப் பாருங்கள்.

அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ நாவல் இந்தக் காலத்தைத் தொடுகிறது. களம் தென்சிலாங்கூர் என்றாலும் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் அவசியம் படிக்கவேண்டிய புத்தகம். கம்யூனிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் நசுங்கும் தமிழர்களை அதில் பார்க்கலாம். தமிழர் பக்கத்திலிருந்து அந்த நாவல் செய்திருப்பது பெரிய வேலை. அதைப் படித்து முடித்ததும், அதே ஆண்டுகளை அடுத்த வேலிக்குள் இருந்த ஒரு சீனக் குடும்பத்தின் சமையலறையிலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று வகுப்பில் கேளுங்கள். அது அந்த நாவலின் குறையைத் தேடும் கேள்வி அல்ல. அதற்குப் பின்னால் வந்தவர்கள் எழுதாமல் விட்டதைக் கேட்கிற கேள்வி.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) இந்த விஷயத்தில் தனி. சிங்காரம் 1938-இல் மேடானுக்குப் போய் அங்கே வேலை பார்த்தவர். அவருடைய பாண்டியன் மேடானிலும் பினாங்கிலும் நடக்கும் தெருக்களில் தமிழர் மட்டும் இல்லை; சீனர், மலாய்க்காரர், டச்சுக்காரர் என்று எல்லோரும் அவரவர் பேச்சோடு நடமாடுகிறார்கள். காரணம் பெரிய மனிதநேயம் எல்லாம் இல்லை என்று நினைக்கிறேன். லேவாதேவிக் கடை அடுத்தாளுக்கு நாலு மொழி புரிந்தால்தான் பிழைப்பு. பிழைப்புக்காகக் காதைத் திறந்து வைத்தவரின் எழுத்திலே அடுத்தவர் குரல் விழுந்துவிட்டது. ஆனாலும் அது கடைத்தெருவைப் பார்த்த கண். வீட்டுக்குள் போன கண் என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

இப்போது நம் ஊர் நிலைமைக்கு வருவோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன சில இடங்களில் தாமான் வந்துவிட்டது. லயத்தை விட்டு வந்த குடும்பத்துக்கு இன்று இடப்பக்க வீட்டில் சீனர், வேலை பார்க்கிற பட்டறையில் சீன முதலாளி, மகள் படிப்பது சீனப்பள்ளி. பாசிர் பெனாம்பாங், செகிஞ்சான் பக்கம் போய்ப் பாருங்கள். ஹொக்கியனோ தியோச்சியூவோ சரளமாகப் பேசுகிற தமிழர்கள் கிடைப்பார்கள். அவர்கள் ஒரு சீனச் சமூகத்துக்கு நடுவில் அன்றாடம் வாழ்கிறார்கள். அந்த வாழ்க்கைக்குச் சட்டதிட்டங்கள் உண்டு, யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஏழாம் மாதம் சாலையோரம் வைத்த படையலை மிதிக்கக்கூடாது, கூத்து மேடைக்கு முன்வரிசை நாற்காலியில் உட்காரக்கூடாது. சீனப் பெருநாளின் எட்டாம் நாள் இரவு ஹொக்கியன் வீடுகளில் கரும்பு கட்டி வெடி வெடிப்பார்கள், அன்றைக்குத் தூக்கம் கிடையாது. அதே சமயம் எதிர்பாராத ஒட்டுறவும் இருக்கிறது. குவான் யின் அம்மனைக் கும்பிடுகிறவர்களில் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. “சியா பா போய்?” என்று ஹொக்கியனில் கேட்பது நம்முடைய “சாப்பிட்டாச்சா?”வேதான்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது மொய்க் கணக்கு. நாம் 101 வெள்ளி வைப்போம். அந்த ஒரு வெள்ளி இல்லாவிட்டால் மனசு கேட்காது. சீனர் கல்யாணத்துக்கு இரட்டைப்படைத் தொகைதான், அதுவும் சிவப்பு உறையில். ஒற்றைப்படையும் வெள்ளை உறையும் சாவு வீட்டுக்கு. முதலாளி மகன் கல்யாணத்துக்கு மூன்று நாள் சம்பளத்தை மிச்சம் பிடித்து 101 வெள்ளியை வெள்ளை உறையில் போட்டு, மேலே பெயரும் எழுதிக் கொண்டு போகிற ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அவர் செய்ததில் தப்பே இல்லை. வாங்கியவர் முகம் சுருங்கினால் அதிலும் தப்பு இல்லை. ஒரு முழுச் சிறுகதை அங்கே கிடக்கிறது. நான் படித்த தொகுப்புகளில் அது இல்லை.

மறுபக்கத்தில் என்ன எழுதுகிறார்கள்? ஈப்போவில் பிறந்த லீ ஸிஷூ 2020-இல் சீன மொழியில் ‘லியூ சூ தி’ என்ற நாவலை வெளியிட்டார். அடுக்குமாடி வீடுகளில் வளரும் பார்வையற்ற சீனப் பெண் அதில் மையப் பாத்திரம். அவளுடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவன் இந்தியர், முடிதிருத்துகிறவரின் மகன், சீனப்பள்ளியில் படிப்பவன். தந்தம் ஒடிந்த பிள்ளையாரின் கதையை அவன் தாய் அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறாள். உடம்பில் குறையோடு ஒரு சாமி இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! நம் வீட்டுக்குள் வந்து, நம் சாமிக் கதையைக் கேட்டுக்கொண்டு போய் எழுதியிருக்கிறார் ஒரு சீன எழுத்தாளர். நாம் இன்னும் அவர்கள் கடை வாசலில் நின்றுகொண்டு சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கிறோம். இப்படிச் சொல்வது சிலருக்குக் கோபம் தரலாம். தரட்டும்.

எழுத்தாளர்களை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க நமக்கும் வழியில்லை. கட்டுரையில் அலி, ஆ மெங், முத்து மூவரும் கைகோத்து வந்தால் மதிப்பெண் போட்டுப் பழக்கியவர்கள் நாம். சில ஆண்டுகளுக்கு முன் ‘அண்டை அயலார்’ என்ற தலைப்புக்கு ஒரு மாணவி எழுதியதைச் சொல்கிறேன். அவள் அம்மாவுக்குக் கடலோரத்தில் ஒரு மீன் உணவகத்தில் வேலை. முதலாளியின் தாயாரை அம்மா “ஆமா” என்று கூப்பிடுவார். அவர்கள் பேச்சில் ஆமா என்றால் பாட்டி. ‘எங்கம்மா கூப்பிட்டால் எதற்கோ ஆமாம் போடுகிற மாதிரி இருக்கும்’ என்று எழுதியிருந்தாள். அந்த ஆமா இறந்துபோனார். துக்க வீட்டில் வந்தவர்களுக்குச் சிவப்பு நூலும் மிட்டாயும் கொடுத்தார்கள். நூலை விரலில் சுற்றிக்கொள்ள வேண்டும், வீடு போய்ச் சேர்வதற்குள் கழற்றிப் போட்டுவிட வேண்டும் என்று கூட வேலை செய்யும் ஆசோ சொல்லிக்கொடுத்தாராம். அம்மா தாமான் முனையில் மோட்டாரை நிறுத்தி நூலைக் கழற்றிப் போட்டார். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த குழாயில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார். கட்டுரை அவ்வளவுதான்.

நான் சிவப்பு மையில் எழுதியது: ‘ஒற்றுமை பற்றிய கருத்துகள் இல்லை. முடிவுரை தேவை.’

அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இப்போது என்னிடம் இல்லை. அடுத்த கட்டுரையில் அவள் அலியையும் ஆ மெங்கையும் முறையாகக் கொண்டுவந்தாள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். அம்மாவைப் பற்றி அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை.

ஆசிரியர்களுக்கு, வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி. மேலே சொன்ன ஐந்து கதைகளில் கடைக்காரர் வரும் ஒரு பத்தியைப் பலகையில் எழுதுங்கள். ஆசிரியர் கூற்றில் உள்ள ‘அவன்’ எல்லாவற்றையும் ‘அவர்’ ஆக்கச் சொல்லுங்கள். ‘கணக்குப் புத்தகத்தை எடுத்தான்’ சுலபமாக ‘எடுத்தார்’ ஆகிவிடும். ‘பல்லை இளித்தான்’ என்று ஒன்று வரும். ‘பல்லை இளித்தார்’ என்று மாணவர்களே எழுதிவிட்டு நெளிவார்கள், காதுக்கு ஒவ்வாது. ‘சிரித்தார்’ என்று மாற்றச் சொல்லுங்கள். சிரித்தார் என்றால் எதற்குச் சிரித்தார் என்று யாராவது கேட்பார்கள். அதை அவர்களையே எழுதவிடுங்கள். ஒரு பாடவேளைக்குள் முடியாது, இரட்டைப் பாடவேளையாக எடுத்துக்கொள்ளுங்கள்.