இடது மூலையில் ஒரு பட்டன்

கம்ப்யூட்டரை எப்படி அணைப்பீர்கள்? யோசிக்கவே மாட்டீர்கள். கை தானாக இடது மூலைக்குப் போகும். 1995-ல் ‘விண்டோஸ் 95’ பழக்கிவிட்ட பாடம் அது. அணைப்பதற்கு ‘ஸ்டார்ட்’டை அழுத்து என்கிற வேடிக்கைகூட நமக்குப் பழகிப்போச்சு.

2012-ல் ‘விண்டோஸ் 8’ அந்தப் பட்டனையே தூக்கிவிட்டது. திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். அணைக்கணுமா? மவுஸை வலது மூலைக்கு ஓட்டி, ஒளிந்திருக்கும் பட்டையை வரவழைத்து, செட்டிங்ஸுக்குள் போய், பவரைத் தேடணும். விரலால் தொடுகிற டேப்லெட்டுக்கு அழகான ஏற்பாடுதான். மேஜையில் மவுஸோடு உட்கார்ந்திருப்பவர் என்ன பாவம் செய்தார்?

மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால், பதினேழு வருடம் கை கற்றுக்கொண்டது பயன்படுத்துகிறவரின் சொத்து. கேட்காமல் பிடுங்கலாமா?

2013-ல் 8.1-ல் பட்டன் திரும்பி வந்தது. அழுத்தினால் அதே கட்டங்கள்! மெனு ஒழுங்காக வர 2015-ல் ‘விண்டோஸ் 10’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-ல் ‘விண்டோஸ் 11’ பட்டனை நடுவுக்கு நகர்த்தியது. ஆனால், இடதுபக்கமே வேண்டும் என்பவர்களுக்கு செட்டிங்ஸில் வழி வைத்தது. பட்ட பிறகு வந்த புத்தி!

வீட்டைத் தாராளமாகப் புதுப்பியுங்கள் சார். சுவிட்ச் மட்டும் இருட்டில் தடவினால் கிடைக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.